பயமும் மண்வெட்டியும்

வேலூரிலிருந்து போளூர் போகும் வழியில் சந்தவாசல் என்று ஓர் ஊர். படவேட்டு ரேணுகாம்பாளைத் தரிசிக்கப் போகிறவர்கள் மேற்கே திரும்பும் இடம். மற்றவர்களுக்கு அது பஸ் சற்று நேரம் நின்று போகும் ஊர், அவ்வளவுதான். அங்கே நின்று மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை நீளமாகப் படுத்திருப்பது தெரியும். மலைமேல் மேகம் நிற்கிறதா, நகர்ந்துவிட்டதா என்று நிமிர்ந்து பார்ப்பது இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு, நாம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது போன்ற பழக்கம்.

அந்த ஊர் டீக்கடைப் பெஞ்சியில் ஒரு பெரியவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கையில் பத்திரிகை ஒன்று. பூமி சூடேறி வருவதையும், மழை காலம் தப்பிப் பெய்வதையும் பற்றி அதில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அதைச் சுருக்கமாக அவருக்குச் சொல்லிவிட்டு, "இதையெல்லாம் கேட்டால் உங்களுக்குப் பயமாக இல்லையா, பெரியவரே?" என்றேன்.

"பயம் இல்லாமெ இன்னா சாமி? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து பயந்துகினுதான் கெடக்கறோம்" என்றார் அவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏரி மதகு அடச்சிக் கெடக்குது. அத்த எடுக்கறதுக்கு எட்டாளு சேரமாட்டேங்குது. மழைய நெனச்சிப் பயந்து இன்னாத்தப் பண்றது?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. பயப்படுகிற மனிதன் மண்வெட்டியை எடுக்கிறானா, அல்லது தலையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறானா?

இந்தக் கேள்வியை இன்று பெரிய பெரிய பண்டிதர்களெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டில் இந்தியா உட்படப் பத்து நாடுகளில், 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரை விசாரித்து ஒரு மருத்துவப் பத்திரிகையில் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிக்குமேல், அதாவது நூற்றுக்கு 59 பேர், பருவநிலை மாற்றத்தை எண்ணி மிகவும் கவலைப்படுகிறோம் என்றார்கள். தங்கள் அரசாங்கங்கள் போதிய அளவுக்கு ஒன்றும் செய்யவில்லை, தங்களைக் கைவிட்டுவிட்டன என்ற எண்ணமும் அந்தக் கவலையோடு பின்னிக் கிடந்தது. அதற்கு முந்திய ஆண்டில், இந்தக் கவலையை அளப்பதற்கென்றே ஓர் அளவுகோல் செய்த இரண்டு அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் இன்னொரு விஷயம் கண்டார்கள். கவலை அதிகமாக உள்ளவர்களின் மனம் அதிகமாக அலைக்கழிகிறது. ஆனால் அதே அளவுக்கு அவர்களுடைய காரியங்கள் அதிகமாகிவிடவில்லை. டீக்கடைப் பெரியவர் ஒரு டம்ளர் டீக்குள் சொல்லி முடித்த சங்கதிதான்.

பாட்டன் காலத்துப் பயம் என்றாரே, அது வெறும் பேச்சு இல்லை. சம்புவராயர்கள் தலைநகராகக் கொண்டு ஆண்ட படவேடு, மண்மாரியும் கல்மாரியும் பெய்து புதைந்துபோன பட்டணம் என்று ஒரு கதை தலைமுறை தலைமுறையாக வழங்கி, பழைய ஜில்லாப் புத்தகங்களிலும் ஏறியிருக்கிறது. கதை எப்படியோ, அங்குள்ள சில கோவில்களை மண்ணிலிருந்துதான் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஆனால் நம் பாட்டிமார்கள் சொல்லி நாம் அறிந்த பயம் அதற்கெல்லாம் பிந்தியது. அதற்குத் தாது வருஷம் என்று பெயர்.

1876-ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமும் ஏமாற்றியது, வடகிழக்குப் பருவமும் ஏமாற்றியது. மறு வருஷமும் உடனே தெளியவில்லை. சென்னை ராஜதானியில் மட்டும் 35 லட்சம் பேர் வரை பட்டினிக்கும், பட்டினியின் பின்னாலேயே வந்த காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானதாகக் கணக்கிடுகிறார்கள். இந்தச் சந்தவாசல் அடங்கியிருந்த வடஆற்காடு ஜில்லாவில் 1871-ஆம் வருஷக் குடிக்கணக்குப்படி 20 லட்சம் பேருக்குச் சற்று அதிகமாக இருந்தார்கள். 1881-இல் எண்ணியபோது 18 லட்சத்துச் சொச்சம். பத்து வருஷத்தில் பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்ட கணக்கு இது என்பதை வாசகர்கள் மறக்கக்கூடாது.

இந்தப் பஞ்சத்துக்குச் சுமார் முப்பது வருஷம் முன்பாகவே, மழை குறைந்துவிடும் என்று சென்னையில் ஒருவர் பயந்துகொண்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. எட்வர்ட் பால்பர் என்ற ராணுவ டாக்டர் அவர். சென்னை மியூசியத்தை 1851-இல் தொடங்கிவைத்தவரும், பிற்பாடு நம் பெண்கள் வைத்தியம் படிக்க வாதாடியவரும் இவரே. மரங்களுக்கும் ஒரு நாட்டின் சீதோஷ்ணத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று லண்டனில் கம்பெனி டைரக்டர்கள் 1847-இல் விசாரித்து எழுதியிருந்தார்கள். 1849-இல் பால்பர் சென்னையின் சாஸ்திரப் பத்திரிகை ஒன்றில், மரங்கள் மழையை வருவிப்பதையும் ஈரத்தைக் காப்பதையும் பற்றி விரிவாக எழுதினார். மலைகளை மொட்டையடித்தால் ஊற்று வற்றும், மழை தவறும், பஞ்சம் வரும் என்பது அதன் சாரம். வெனிசூலாவில் ஓர் ஏரி சுருங்கிவருவதைக் கண்டு ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய யாத்ரீகர் சொன்னதும், மொரீஷியஸ் தீவின் காடுகளைப் பற்றிய எச்சரிக்கைகளும் அக்காலத்துப் படித்தவர்கள் வாயில் அடிபட்டுக்கொண்டிருந்தன. இன்று நாம் பருவநிலைக் கவலை என்று சொல்வதற்கு இது முப்பாட்டன் முறை.

அந்தக் கவலை வீணாய்ப் போகவில்லை. 1856-இல் ஹக் கிளெக்ஹார்ன் என்பவரைச் சென்னை சர்க்கார் தன் காடுகளுக்கு முதல் காவலராக நியமித்தது. இவரும் டாக்டர், சென்னையிலேயே பிறந்தவர். ஆனால் அதே 1856-இல், ஜூலை முதல் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயிலும் ஓடிற்று. சில ஆண்டுகளில் அந்தத் தண்டவாளம் ஜவ்வாது மலையின் வடக்கே ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று போய் மேற்குக் கடலைத் தொட்டது. மைலுக்கு 1,760 கட்டைகள் தண்டவாளத்தின் கீழே வேண்டும், வெயிலும் கரையானும் சில வருஷங்களில் தின்றுவிடும், மறுபடி வேண்டும். ராஜதானி முழுவதற்கும் இதற்காக ஆண்டுதோறும் 35,000 மரங்கள் விழவேண்டும் என்று கணக்கிட்டார்கள். போதாக்குறைக்கு அக்காலத்து எஞ்சின்கள் விறகையே தின்றன. காட்டைக் காக்க ஒரு கையும், காட்டை வெட்ட ஒரு கையும் ஒரே உடம்பில் முளைத்திருந்தன.

அப்படியானால் காடு அழிவதற்கு யார் காரணம் என்று தீர்ப்புச் சொல்லவேண்டுமே! சுலபமாகக் கிடைத்தவன் மலைவாசி. ஜவ்வாது மலையில் வாழ்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தார் அல்ல, மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்துப் பக்கத்திலிருந்து முன்னோர் வந்தார்கள் என்று கதை சொல்லும் தமிழ்க் குடிகள் அவர்கள். சரிவிலே ஒரு துண்டுக் காட்டை வெட்டிச் சுட்டு, சாம்பலிலே சாமை விதைத்து, மண் களைத்ததும் வேறு துண்டுக்குப் போய்விடுவது மலைச் சாதிகள் பலவற்றின் பழைய விவசாயம். அதைக் கண்டாலே கிளெக்ஹார்னுக்கு ஆகாது. 1860-இல் சர்க்கார் காடுகளில் அனுமதியின்றி அப்படி வெட்டிச் சுடுவதற்குத் தடை வந்தது. ரயில் கம்பெனிக்குத் தடை வரவில்லை.

தாது வருஷம் வந்தபோது, பயப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு நிவாரண வேலைகளைத் திறந்தார். செலவைக் கண்டு கல்கத்தாவில் வைசிராய்க்கு வயிறு கலங்கியது. 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் துரையை அனுப்பினார்கள். நாள் முழுதும் மண் சுமக்கிற ஆண்பிள்ளைக்கு ஒரு பவுண்டு தானியமும், அதற்குமேல் ஓர் அணாவும் போதும் என்று அவர் கண்டுபிடித்தார். இந்தக் கூலியில் மனிதன் வேலை செய்யவும் முடியாது, உயிரோடிருக்கவும் முடியாது என்று ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். சென்னைக் கடற்கரையோரம் இன்று நாற்றமெடுத்துக் கிடக்கிற பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சத்துக் கூலிகள் வெட்டியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன்.

இதே 1877-இல், புள்ளிவிவர இலாகாவின் தலைவராக இருந்த வில்லியம் ஹண்டர் துரை ஒரு சிறு புத்தகம் போட்டார். சென்னையில் 1813 முதல் எழுதிவந்த மழைக்கணக்கை வைத்துக்கொண்டு, சூரியனில் கறுப்புப் புள்ளிகள் குறைகிற காலத்தில் மழையும் குறைகிறது, இது பதினோரு வருஷச் சக்கரம் என்றார். சீமைப் பத்திரிகைகளில் இது பெரும் பரபரப்பாயிற்று. படித்தவர்கள் எல்லாரும் சூரியனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இந்தக் கொள்கை நிலைக்கவில்லை. பசிபிக் மாகடலின் நீர் அளவுக்கு மீறிச் சூடானதே அந்தப் பருவங்கள் பொய்த்ததற்குப் பெருங்காரணம் என்று இன்று சொல்கிறார்கள். அதே சமயத்தில் வட சீனத்திலும் பிரேசிலின் வடகிழக்கிலும் லட்சக்கணக்கில் ஜனங்கள் மடிந்தார்கள். ஹண்டர் தப்பாகச் சொன்னார் என்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. அவர் சொன்னது சரியாகவே இருந்திருந்தாலும், சந்தவாசல் குடியானவன் சூரியனை என்ன செய்யமுடியும்? கை எட்டாத இடத்தில் காரணத்தை வைத்துவிட்டால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அதுவே நியாயமாகிவிடுகிறது. சர்க்காருக்கு அப்போது அந்த நியாயம் மிகவும் தேவையாக இருந்தது.

கை எட்டுகிற இடத்திலே ஏரி இருந்தது. தாது வருஷத்துக்கு இருபது வருஷம் முன்னே பெயர்ட் ஸ்மித் என்ற பட்டாளத்து எஞ்சினீயர் ஒரு கணக்குச் சொன்னார். ராஜதானியின் 14 ஜில்லாக்களில் 53,000 ஏரிகளும் நீர்நிலைகளும். அவற்றில் 10,000 பழுது. கரைகளையெல்லாம் நீளவாக்கில் சேர்த்தால் 30,000 மைல். எந்தச் சக்கரவர்த்தியும் ஒரே மூச்சில் கட்டியது அல்ல. வருஷாவருஷம் கோடையில் ஊர் கூடி வாய்க்கால் வெட்டி, மதகு தூர் எடுத்து, கரைக்கு மண் போட்டு வைத்திருந்தது. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஒருவன் தன் நிலத்தின் பங்குக்கு ஆள் அனுப்பவேண்டும். களத்திலே நெல் அளக்கும்போது ஏரிக்கென்று ஒரு பங்கை ஒதுக்கும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. மடை திறந்து பாய்ச்சுகிற நீர்க்கட்டிக்கும் அந்தக் களத்திலேயே கூலி.

கம்பெனியார் வந்து நிலத்தை ஆளுக்கொரு பட்டாவாகப் பிரித்தார்கள். களத்துப் பங்குகளும் ஏரி மானியங்களும் வரி என்ற ஒரே மூட்டைக்குள் போய் அடங்கின. ஏரி சர்க்கார் சொத்தாயிற்று. வரி வாங்கிக்கொண்டவன் மராமத்துச் செய்யட்டும் என்று ஊரார் இருந்துவிட்டார்கள். அதில் என்ன தப்பு? ஆனால் சர்க்காரோ, வழக்கப்படி நீங்கள்தான் வரவேண்டும் என்று 1858-இல் ஒரு சட்டமே போட்டது. வேலைக்கு வராதவனிடம் பணம் வசூலிக்கலாம் என்றது. கட்டாய வேலைச் சட்டம் என்று அதன் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. தன் ஏரி என்று வந்தவனைத் துரையின் ஏரிக்கு வா என்று கூப்பிட்டால் அவன் எப்படி வருவான்? பஞ்சத்துக்கும் வெள்ளத்துக்கும் அவன் முன்னைவிடக் குறைவாகப் பயப்பட்டான் என்று யாரும் சொல்லமுடியாது. பயம் அப்படியே இருந்தது. அதை மண்வெட்டிக்கு இழுத்துக்கொண்டு போகும் வாய்க்கால்தான் தூர்ந்துபோயிற்று.

பஞ்சம் தணிந்த பிறகு, மலையின் மேலே சர்க்காருடைய பயம் சட்டமாக இறங்கியது. காடுகளில் கிராமத்தாருக்குப் பழைய உரிமைகள் உண்டு, அவற்றைத் தள்ளிவிட்டுக் காட்டைச் சர்க்காருடையது என்று சொல்லமுடியாது என 1871-இல் ரெவினியூ போர்டே வாதாடியது. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களில் இப்படியும் சிலர் இருந்தார்கள். ஆனால் பிராண்டிஸ் என்ற ஜெர்மானிய வன நிபுணர் வந்து ஆலோசனை சொல்ல, 1882-இல் சென்னை வனச்சட்டம் பிறந்தது. அதற்கப்புறம் மலையடிவார ஜனங்களின் பேச்சில் 'ரிசர்வ்' என்ற சொல் குடிபுகுந்தது. ஆடு மேய்த்தால் சீட்டு, விறகு பொறுக்கினால் அபராதம். குறைகளைக் கேட்டு ஒரு கமிட்டி 1913-இல் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது என்றால் எவ்வளவு குமுறல் இருந்திருக்கவேண்டும்!

நான் ஒருதலையாகப் பேசவில்லை. பால்பரும் கிளெக்ஹார்னும் பயப்படாமல் இருந்திருந்தால் ஜவ்வாது மலையில் இன்று நிழலுக்கு ஒதுங்கக்கூட மரம் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். மரம் மழையை அழைத்துக்கொண்டு வருகிறது என்பதில் அவர்கள் நினைத்த அளவு உண்மை இல்லாவிட்டாலும், பெய்த மழையைப் பிடித்துவைத்து ஊற்றாகக் கசியவிடுவது காடு என்பதில் சந்தேகமில்லை. அவர்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்குப் பரிகாரமாகச் செய்யவேண்டிய காரியத்தை அவர்கள் தாங்கள் செய்யவில்லை, ரயில் கம்பெனியையும் செய்யச் சொல்லவில்லை. மலையாளியின் தலையில் ஏற்றினார்கள். பயம் ஒருவனுடையது, பட்டினி இன்னொருவனுடையது. இந்த ஏற்பாட்டில் மலையாளிக்குக் காட்டின் மேல் எப்படிப் பாசம் வரும்? ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. தன் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரத்தைக்கூட ஒருவன் தன் இஷ்டப்படி வெட்டி விற்றுவிட முடியாது. அப்படிப்பட்ட கன்று முளைத்தால் வேலி கட்டிக் காப்பானா, காலால் தேய்த்துவிடுவானா? காடுவாழ் மக்களின் உரிமையை ஒப்புக்கொள்ளும் சட்டம் 2006-இல் வந்தது. தமிழ்நாட்டில் வழக்கு ஒன்றின் காரணமாகப் பட்டா வழங்குவது 2016 வரை தடைப்பட்டுக் கிடந்தது. 1882-இலிருந்து எண்ணினால் 134 வருஷம்.

இனி, இதே மலையடிவாரத்தில் சமீபத்தில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். ஜவ்வாது மலைத் தொடரில் பிறந்து வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் வழியாக ஓடும் ஒரு சிற்றாறு நாகநதி. ஓடும் என்று சொன்னேனே தவிர, ரொம்ப காலமாக அது மணல் பாதையாகவே கிடந்தது. மழை பெய்தால் இரண்டு நாள் வெள்ளம். பிறகு பழைய மணல். இரு கரையிலும் கிணறுகள் வற்றின. 2014-ஆம் வருஷ வாக்கில் இந்த ஆற்றை மீட்கும் வேலை தொடங்கியது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலி வாங்குகிற கிராமத்துப் பெண்களே அதைச் செய்தார்கள். ஏறத்தாழ 20,000 பெண்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆற்றுக்கு வரும் ஓடைகளில் கல்லை அடுக்கித் தடுப்பு; ஆற்றுப்படுகையிலே சிமெண்ட் உறைகளை இறக்கிக் கிணறு. இந்தக் கிணறு தண்ணீர் எடுப்பதற்கல்ல, உள்ளே அனுப்புவதற்கு. மேலே ஓடி வீணாகும் வெள்ளம் அதற்குள் இறங்கி, கீழேயுள்ள மண்ணுக்கும் பாறை இடுக்குக்கும் போய்ச் சேரும். சில வருஷங்களில் பக்கத்துக் கிணறுகளில் நீர் மேலே வந்தது. 2021 செப்டம்பரில் பிரதம மந்திரி தம் ரேடியோப் பேச்சில் இந்த ஆற்றின் பேரைச் சொன்னார்.

கூலிக்குச் செய்த வேலைதானே, இதில் என்ன பெருமை என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு பூமியைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அவர். பழைய குடிமராமத்திலும் களத்து நெல் உண்டு என்பதை அவருக்கு நினைவூட்டினேன். டெம்பிள் துரையின் கூலிக்கும் இதற்கும் வித்தியாசம் ரூபாயில் மட்டும் இல்லை. பஞ்சத்துக் கூலி வெட்டிய கால்வாயில் அவன் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் வரப்போவதில்லை. இந்தப் பெண்கள் இறக்கிய உறைக்கும் அவர்கள் வீட்டுக் கிணற்றுக்கும் இடையே கூப்பிடு தூரம். கயிறு எத்தனை முழம் இறங்குகிறது என்று அவர்களே அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

இதை வைத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் ஏரியைத் தூர் எடுத்துவிட்டால் பூமியின் சூடு தணிந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தணியாது. நிலக்கரியையும் எண்ணெயையும் நூற்றைம்பது வருஷமாக எரித்து வருகிறவர்கள் சந்தவாசல்காரர்கள் அல்ல. எரிப்பதைக் குறைக்கவேண்டிய இடங்கள் வேறே இருக்கின்றன. அங்கேயுள்ளவர்கள் தங்கள் பங்குக்கு ஆள் அனுப்பாமல், மலையாளியைப் பார்த்து விறகு பொறுக்காதே என்று சொன்ன பழைய கதை மறுபடியும் நடந்துவிடுமோ என்பதுதான் என் பயம். ஆனால் சூடு ஏறத்தான் போகிறதென்றால், மழை இரண்டு நாளில் கொட்டிவிட்டு இரண்டு மாதம் மறையத்தான் போகிறதென்றால், கொட்டுகிற இரண்டு நாளில் மதகு திறந்திருக்கிறதா, கரை உறுதியாக இருக்கிறதா என்பது முன்னைவிட அதிகமாக உயிர்ப் பிரச்னையாகிறது. 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போனதே, அது மேலே மைசூர்ப் பக்கத்தில் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து வந்த வெள்ளம்.

இவற்றில் கொஞ்சத்தை அன்று அந்தப் பெரியவரிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நாகநதி சமாசாரம் எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. "அது கூலி குடுத்தாங்க, ஆளும் சேர்ந்துது" என்றார். பிறகு, தெருவில் போகிறவர்களைக் காட்டி விரல் மடக்க ஆரம்பித்தார். அந்த வீட்டுப் பையன் பெங்களூரில் இருக்கிறான், இவனுக்கு இடுப்பு வலி, இன்னொருவன் நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டான், அவனுக்கு ஏரி எதற்கு? ஆறு விரலோடு நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஏழாவது ஆளா நீங்க வர்றீங்களா சாமி? ஞாயித்துக்கெழமதான்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குள் வேலூர் பஸ் வந்துவிட்டது.